எதிர்க்கடைக்கு என்ன பாலிசி?

"எதிர்க்கடைக்காரர் என்னென்ன எடுத்திருக்காரு?"

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பெண் ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதற்குள் சின்னக்கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாது சார்."

"சரி, சொல்ல வேண்டாம். அதைவிட ஒண்ணு கூடப் போட்டுடுங்க."

கல்லாவில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர்க்கடைக்காரர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான். முதலில் ஒரே மளிகைக் கடையாக இருந்ததுதான். புதுப் பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று கிளம்பிய சண்டை, இரண்டு கடை, இரண்டு பலகை என்று போய் முடிந்தது. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வாசல் சிலேட்டில் சர்க்கரை விலையைக் கொஞ்சம் குறைத்து எழுதினால், மற்றவர் உடனே தன் சிலேட்டை அழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைப்பார். அண்ணன் தம்பிக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்து அவ்வளவுதான். தெருவுக்குக் கொண்டாட்டம்.

போன மாதம் மூன்று கடை தள்ளியிருந்த பேப்பர்க்கடை எரிந்து சாம்பலானதிலிருந்து சின்னவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் இப்போது யாருடைய கிடங்கிலோ மூட்டை தூக்குகிறார். சின்னவருக்கும் இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தீ, திருட்டு ரெண்டும் அவசியம் சார். ஃப்ரீசர் நின்னு சாமான் கெட்டுப்போனா அதுக்கும் ஒண்ணு இருக்கு."

"போடுங்க."

"கடையோட முன்பக்கக் கண்ணாடி உடைஞ்சா..."

"போடுங்க, போடுங்க!"

"நம்ம கடையில ஏதுங்க கண்ணாடி?" என்றாள் மனைவி. "உங்க மூக்குக்கண்ணாடியைத் தவிர?"

"அவர் கடையில இருக்குல்ல?"

"இருக்கு. அவர் எடுப்பாரு."

"அவர் எடுத்தா நானும் எடுப்பேன். நான் என்ன தொக்கா?"

அதற்குள் எதிரே கைதட்டும் சத்தம். பெரியவர் தன் கடை வாசலில் நின்று ஏஜெண்டுக்கு ஜாடை காட்டினார். அவள் ரோட்டைக் கடந்து ஓடினாள். திரும்பி வந்தாள்.

"என்னவாம்?"

"வாடிக்கையாளர் கடைக்குள்ள வழுக்கி விழுந்தா நஷ்ட ஈடு குடுக்கிற பாலிசி, அதை நீங்க எடுத்துட்டீங்களான்னு கேட்டாரு. சொல்ல மாட்டேன்னு சொன்னேன். உடனே எடுத்துட்டாரு."

"எனக்கு ரெண்டு பேர் விழற மாதிரி போடுங்க!"

"விழ வைக்கவும் இவரே எண்ணெயை ஊத்துவாரு," என்று மனைவி முணுமுணுத்தாள்.

"எலி மூட்டையைக் கடிச்சா உண்டாம்மா?"

"எலிக்குக் கிடையாது சார்."

"அவருக்கு?"

"அவர் கடை எலிக்கும் கிடையாது சார்."

சின்னவருக்கு அதில் ஒரு தனித் திருப்தி.

இப்படி இன்னும் இரண்டு தடவை ரோட்டைக் கடந்ததில் ஏஜெண்டுக்கு மூச்சு வாங்கியது. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் பாதியை அடித்தாள்.

"சார், வீம்புக்கு பாலிசி எடுத்தா எனக்குத்தான் கமிஷன், உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு நிஜமா வேண்டியது இது. தீப்பிடிச்சோ தண்ணி புகுந்தோ கடை மூடிக் கிடந்தா, மறுபடி திறக்கிற வரைக்கும் மாசாமாசம் ஒரு வருமானம் வந்துட்டிருக்கும்."

சின்னவர் நிமிர்ந்தார். பேப்பர்க்கடைக்காரரிடம் இது ஒன்று இருந்திருந்தால் மனிதர் மூட்டை தூக்கியிருக்க வேண்டாமே.

"இதை முதல்ல சொல்லக் கூடாதாம்மா? எழுதுங்க, எழுதுங்க!"

"ஒரு கட்டம் மட்டும் நீங்கதான் நிரப்பணும். கடை சரியாகிற வரைக்கும் எந்த இடத்துல வச்சு வியாபாரம் பண்ணுவீங்க? விலாசம் வேணும். காலியா விட்டா கம்பெனி திருப்பி அனுப்பிடும்."

சின்னவர் யோசித்தார். வீடு கடைக்கு மேலேயே. கீழே எரிந்தால் மேலே சும்மா இருக்குமா? கிடங்கு பின்சுவரை ஒட்டி. மாமனார் வீட்டுக்கு மூன்று பஸ் மாற வேண்டும்.

"வேற யாரும் இல்லையா சார்?"

"யாரும்மா இருக்கா எனக்கு?"

அரைமணி நேரமாகத் துள்ளிய மனிதர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவிகூட கேலியை நிறுத்திக்கொண்டாள்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அவருக்கும் வீடு கடைக்கு மேலதானே! அவரும் இதை எடுத்திருந்தா இந்தக் கட்டத்துல நல்லா முழிச்சிருப்பாரே?"

"இல்லையே சார். யோசிக்கவே இல்லை. கேட்டதும் எழுதிட்டாரு."

"எந்த இடத்தை?"

ஏஜெண்ட் கொஞ்சம் தயங்கினாள். காட்டக் கூடாததுதான். ஆனாலும் பையிலிருந்து பெரியவரின் விண்ணப்பத்தை உருவி, மற்றதையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அந்த ஒரு கட்டத்தை மட்டும் நீட்டினாள்.

சின்னவர் படித்தார். மறுபடியும் படித்தார். அது அவர் கடையின் விலாசம். கதவு எண்கூடத் தப்பில்லாமல் இருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி பார்த்துவிடப் போகிறாளே என்று அவசரமாகக் கோபப்பட்டார்.

"இது என் கடை! என்னை ஒரு வார்த்தை கேட்காம எப்படி எழுதலாம் அவரு?"

"நானும் அதைத்தான் சார் கேட்டேன். 'என் தம்பிகிட்ட நான் எதுக்கும்மா கேட்கணும்?'னு சொல்லிட்டுச் சிரிச்சாரு."