பச்சை நகங்கள்

நர்சிங் மாணவிகளின் நகங்களில் மின்னணுச் சில்லு பதித்திருந்தார்கள். கை சுத்தமானால் நகம் பச்சை. எதையாவது தொட்டால் சிவப்பு. சிவப்போடு நோயாளியைத் தொட்டவளுக்கு அன்றோடு படிப்பு முடிந்தது. மூன்று பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பியவர்தான் ஆசிரியை ஃபுளோரா.

இன்று வார்டில் பாடம் நடத்தும்போது இருமல் மிட்டாய் அவர் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டிக் கீழே விழுந்தார். மாணவிகள் பதறி ஓடினார்கள், வாஷ்பேசினை நோக்கி. அங்கே இருந்தது ஒரே குழாய். தரையில் கிடந்த ஃபுளோராவால் நம்பவே முடியவில்லை, வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் கழுவிய ரோஸ்லின் பச்சை நகங்களோடு ஓடிவந்தாள். வழியில் திரைச்சீலை கையில் உரசியது, நகம் சிவந்தது. பரவாயில்லை, முதுகில் தட்டு என்று ஃபுளோரா சைகை காட்டினார்.

"உயிரே போனாலும் சிவப்போட தொடக்கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

அழுதுகொண்டே ரோஸ்லின் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.