சிங்கத் தலை நாற்காலி

"என் வீட்டுக்காரர் நாற்காலிக்குக் கை வேண்டாம். என்னோடது மாதிரியே மொட்டையா இருக்கட்டும்."

லவினியா சொன்னதும் பட்டறையே சிரிப்பை அடக்கிக்கொண்டது. லண்டனில் எந்த மரச்சிற்பிக்கும் தெரிந்த விஷயம்: ஜோடி நாற்காலியில் கை வைத்தது கணவனுக்கு. கை இல்லாதது, குடை மாதிரி விரிந்த பாவாடையோடு உட்காரும் மனைவிக்கு.

அவள் காரணம் சொல்ல வாயெடுத்தாள். "புரியுதும்மா" என்று பேச்சை வெட்டிவிட்டார் பட்டறைக்காரர் ஜேபஸ். சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம், அன்று காலைக்குள் வேண்டும், நாற்காலிக் காலில் பித்தளை உருளை மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

சம்பந்தி வீட்டார் முன்னால் புருஷனை மொட்டை நாற்காலியில் உட்கார வைக்கவா? அந்த மனுஷன் சுத்த வாயில்லாப் பூச்சி போலிருக்கிறது என்று ஜேபஸ் பொருமினார். ஜேபஸ் வீட்டிலும் அதே கதைதான் என்பது பட்டறைக்கே தெரியும்.

அதனாலேயே வேண்டாம் என்றதைச் செய்தார். வால்நட் மரத்தில் இரண்டு கை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிங்கத் தலை, சுருள் சுருளாகப் பிடரி. அதற்குத் தனிக் கூலிகூடக் கேட்பதாக இல்லை.

சனிக்கிழமை காலை தள்ளுவண்டியில் கொண்டுபோனார். முன்னறையிலேயே கட்டில் கிடந்தது. புதுக் கோட்டும் டையுமாக அதில் சாய்ந்திருந்தார் லவினியாவின் கணவர் ஓபெட். கல்யாண நாளிலுமா படுக்கை என்று நினைத்தபடியே, ஜேபஸ் நாற்காலியைக் கட்டிலோரம் போட்டார்.

"அட, சிங்கமா! லவினியா, எனக்காகவா சொல்லிச் செஞ்சே?"

லவினியா நாற்காலியைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

ஜேபஸுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வாசல்வரை வந்தவளிடம் சொல்லியே விட்டார்.

"பார்த்தீங்களாம்மா? ஆம்பளைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லீங்க. கை இல்லாம இருந்தா, கட்டில்லேருந்து நானே பக்கவாட்டுல நகர்த்தி உட்கார வெச்சு, விருந்துக்கு உருட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப நாலு பேர் தூக்கணும். சம்பந்தி வீட்டார் முன்னால அதுக்கு அவர் ஒத்துக்கவே மாட்டார்."

இப்படி ஒரு பாவத்தைச் செய்துவிட்டோமே என்று ஜேபஸுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"ரம்பம் கொண்டாறேன்மா. அஞ்சு நிமிஷத்துல அறுத்துடறேன்."

லவினியா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓபெட் சிங்கத்தின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். நான் ஆசையா செய்யச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."