அவர் பக்கத்து பிரேக்

“முன் வரிசை காலியாத்தானே இருக்கு? அப்புறம் என்ன யோசனை?”

என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

கம்ப்யூட்டர் திரையில் பந்தய மைதானத்தின் படம். பச்சைப் புள்ளி என்றால் காலி சீட். கண் எதிரிலேயே பச்சையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. சீட் எடுக்க எங்களுக்குக் கொடுத்த நேரம் திரையின் மூலையில் மளமளவென்று குறைந்துகொண்டு வந்தது.

“முன்னாடி உட்கார்ந்தா ஒரே தூசி,” என்றேன்.

“தூசி படாம பந்தயம் பார்க்கணும்னா டிவியில பாரு.”



மூன்று நாள் கார் பந்தயம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போகிறோம். ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. லாட்ஜில் அறை சொல்லியாயிற்று. வெயிலுக்குத் தொப்பி, காதுக்குப் பஞ்சு எல்லாம் பைக்குள் போய்விட்டன. மைதானத்தில் உட்கார இடம் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி.

எங்கள் பாப்பா ஓட்டுகிறாள். பெரிய பந்தயத்துக்கு முன்னால் நடக்கிற சின்னப் பந்தயம்தான். ஆனால் இதில் சொதப்பினால் அடுத்த வருடம் டீமில் அவளுக்கு இடம் கிடையாது.

போன வாரம் போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அப்பா வரட்டும்மா. ஆனா என் கண்ணுல படக்கூடாது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.”

கேட்பவர்களுக்குக் கொழுப்பு என்று தோன்றும். விஷயம் அதுவல்ல.

இவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பயிற்சிக் காரில் இவர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காலமெல்லாம் அதை மிதித்து மிதித்து, இப்போது பஸ்ஸில் போனாலும் கால் மிதிக்கிறது. சோபாவில் உட்கார்ந்தாலும் மிதிக்கிறது. தூக்கத்தில் என்னை மிதித்து எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருக்கிறார். இவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர்.

பாப்பாவும் இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். இவர் கால் அசைந்தால் போதும், அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துவிடும்.

போன வருடம் அவள் பயிற்சி எடுக்கிற இடத்துக்கு இவர் சொல்லாமல் கொள்ளாமல் போய் வேலியோரம் நின்றார். வளைவில் இவரைப் பார்த்தவள் சட்டென்று காலை எடுத்துவிட்டாள். பின்னால் வந்த கார் இடித்தது. இவள் கார் சுழன்று மணலில் போய் விழுந்தது. நல்லவேளை, அடி ஒன்றும் படவில்லை.

‘கவனம் தப்பிருச்சுப்பா’ என்று இவரிடம் மழுப்பிவிட்டாள். உண்மையை என்னிடம் மட்டும் சொன்னாள்.

அவ்வளவு கூட்டத்தில், அந்த வேகத்தில், உன் அப்பா எங்கேயடி தெரியப்போகிறார் என்று கேட்டேன். தெரிவாரும்மா என்றாள்.

இப்போது பார்த்தால், மற்ற இடமெல்லாம் தீர்ந்துபோய், வளைவை ஒட்டிய மேடையில்தான் சீட் மிச்சம். காலை எடுக்காமல் முழு வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவு.

அம்புக்குறியை மேல் வரிசைக்குக் கொண்டுபோனேன்.

“இங்க நல்ல நிழலா இருக்குமாம்.”

“தூண் மறைக்கும்.”

“காத்து வரும்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. வியர்த்துக் கொட்டிவிடும்.

வெளியே பயிற்சிக் காரில் காத்திருந்த பெண் ஹாரன் அடித்தாள். அவளுக்கு வகுப்பு நேரம் போகிறது. எங்களுக்கு இங்கே சீட் போகிறது.

சொன்னால் இவர் மனசு உடைந்துவிடும். இவர் ஒருவருக்கும் கெடுதல் நினைத்துக் காலை மிதித்தவர் இல்லை. சொல்லாவிட்டால் அவள் காலை எடுப்பாள். பின்னால் வருகிறவன் இந்தத் தடவை எப்படி இடிப்பானோ.

“நகரு,” என்று மௌஸை வாங்கினார்.

முன் வரிசை. வளைவுக்கு நேர் எதிரே. அழுத்திவிட்டார்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் காதில் வாங்கவில்லை. அம்புக்குறி மெல்ல மேலே ஏறியது. கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். அங்கே ஒன்றை அழுத்தினார்.

இந்த சீட்டிலிருந்து ஓடுபாதை தெரியாது, சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சீட் அங்கே, ஒரு சீட் இங்கே.

“முன்னாடி உனக்கு. உன்னையாவது அவ பார்க்கட்டும்.”

“நீங்க?”

பணத்தைக் கட்டினார். மேசைக்கு அடியில் அவர் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. பிறகு வகுப்பு நோட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அன்னைக்கு அவளுக்குக் கவனம் தப்பலை. வேலிகிட்ட என் கால் மிதிச்சதும், அவ காலை எடுத்ததும் எனக்குத் தெரியாதா?”

வெளியே மறுபடி ஹாரன்.

“தூணுக்குப் பின்னாடி என்னத்தைப் பார்ப்பீங்க?”

“பார்க்க வேணாம். அவ காலை எடுக்காம திரும்பினாளான்னு சத்தத்துலயே தெரிஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போனார்.