மூணாவது கூப்பாடு

மூர்த்தி தெருவுல தலை காட்டினாலே பச்சையம்மாவுக்குப் பத்திகினு வரும்.

"இன்னாடா, அவரு பேசறாரான்னு வேவு பாக்க வந்தியா? எடம் ஒண்ணும் காலியாவல. போ!"

கோவம் வராதா பின்ன? வாதம் அடிச்சு மூணு மாசமா அவ புருசன் மாரிக்குப் பேச்சே இல்ல. கை கால் தேறிடுச்சு. நாக்குதான் எழும்பல.

ஏரியில எவன் எங்க வலை போடறதுன்னு வருசா வருசம் பாடு பிரிப்பாங்க. பேரக் கூப்பிட்டா, அவனவன் தன் வாயால 'கீறேன்'னு சொல்லணும். மூணு கூப்பாட்டுக்கும் பதில் இல்லன்னா பாடு அடுத்த ஆளுக்குப் போயிடும்.

அந்த அடுத்த ஆளு மூர்த்தி.

அன்னிக்கி கோயில் வாசல்ல ஊரே கூடியிருந்துது.

"மாரி!" தலைவர் துளசிங்கம் கூப்பிட்டாரு.

மாரி எழுந்தான். கழுத்து நரம்பு பொடைச்சுது. "ஊ... ஊ..."

"அவரு கீறாரு மாமா! நான் சொல்றேன்ல?"ன்னு பச்சையம்மா குறுக்க வந்தா.

"நீ சொன்னா செல்லாதும்மா. மாரி!"

ரெண்டாவது கூப்பாட்டுக்கு மாரி கண்ணுல தண்ணிதான் வந்துது. வார்த்தை வரல.

"இருங்க தலைவரே"ன்னு மூர்த்தி எழுந்தான். 'அவசரத்தப் பாரு'ன்னு பச்சையம்மா பல்லக் கடிச்சா.

மூர்த்தி மாரிக்கு எதிர்ல நின்னு, ரெண்டு கையாலயும் கயிறு இழுக்கற மாதிரி இழுத்துகினே குரல் குடுத்தான்.

"கயித்துல ஆரு... ஐலசா?"

வலை இழுக்கறப்போ தெனம் பாடறதுதான். பேரச் சொல்லிப் பதில் பாடணும்.

மாரி தோள் தானா அசைஞ்சுது.

"மாரி கீறேன்... ஐலசா!"

கணீர்னு வந்துது. ஒரு எழுத்து சிதையல. மாரியே தன் வாயத் தொட்டுப் பாத்துகினான். ஒரு கெழவர் கன்னத்துல போட்டுகினாரு.

தலைவர் தொண்டையச் செருமினாரு. "ராகத்தோட சொல்லக் கூடாதுன்னு நம்ம ஊர்க் கட்டுப்பாட்டுல இல்ல. பாடு மாரிக்குத்தான்."

பச்சையம்மா மூர்த்திகிட்ட வந்தா. "இது எப்படிப்பா ஒனக்குத் தெரியும்?"

"நேத்து மெட்ராசுல ஒரு டாக்டரக் கேட்டேன் அண்ணி. பேச்சுக்கு மூளையில இடது பக்கமாம். பாட்டுக்கு வலது பக்கமும் கை குடுக்குமாம். அண்ணனுக்கு வாதத்துல அடி பட்டது இடது பக்கம். பாட வச்சிப் பாருன்னாரு."

"நீ எதுக்குப்பா டாக்டராண்ட போனே?"

மூர்த்தி தலையச் சொறிஞ்சான்.

"அண்ணனுக்கு இனிமே பேச்சே வராதுன்னு டாக்டர் வாயால கேட்டுக்கலாம்னுதான் போனேன் அண்ணி."