பச்சைச் சேலைக்காரி

பசை இன்னும் காயவில்லை.

கனகாம்புஜத்தின் கன்னத்தில் நகத்தை வைத்துக் கீறினாள். பிறகு மூக்கை. பிறகு முழுவதையும் பிடித்து இழுத்தாள்.

உச்சிவெயில். தெருவில் ஆள் இல்லை.

பச்சைச் சேலை, ரோஜாக் கன்னம், தலைமேல் அடுக்கு விளக்கு. பாட்டும் ஆட்டமும் கண்கட்டு வித்தையும் காட்டும் வினோதக் கம்பெனி மதுரைக்கு வந்திருந்தது. ஊர்ச் சுவரெல்லாம் அதன் ஆட்டக்காரி கனகாம்புஜத்தின் வண்ணப் படம்.

வரைந்தவன், கிழித்த இவளுடைய புருஷன்.

கல்லில் வரைந்து படம் அச்சடிக்கும் கல்லச்சுக் கூடத்தில் அவனுக்கு வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் அதே முகத்துக்கு அவன் குனிய வேண்டும். வீட்டுக்கு வந்தால், கண் எரிகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

யாரைப் பார்த்து எரிந்த கண் என்று அவளுக்குத் தெரியும்.

கிழித்ததை உருட்டிச் சாக்கடையில் எறிந்துவிட்டு வீடு திரும்பினாள்.

வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். ஒடிசலான உடம்பு. நீண்ட முகம். நெற்றியோரம் விளக்கு சுட்ட தழும்பு.

"படம் வரையறவர் வீடு இதுதானே? நான் கனகாம்புஜம்."

சுவரில் இருந்தவளின் சாயல் துளிகூட இல்லை.

வந்தவள் ஓர் அடி கிட்டே வந்தாள். இவளுடைய புருவத்தைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். மோவாயைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது!"

இவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"ஊர் ஊரா உங்களைத்தான் தேடுறாங்கக்கா. நான் மேடைக்கு வந்தாலே, படத்துல இருக்கறவ எங்கேன்னு கத்துறாங்க. தலையில எரியற விளக்கோட நிக்கிறேன், செருப்பு வந்து விழுது. முதலாளி சிரிக்கிறாரு. கூட்டம் வருதுல்லங்கிறாரு. அடுத்த ஊருக்குப் புதுசா வரையப் போறாங்களாம். என் மூஞ்சியையே போடச் சொல்லுங்கக்கா. நல்லாயில்லேன்னாலும் பரவாயில்லை."

மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வை இவளுக்குப் பழக்கமானதுதான். இத்தனை நாள் இவளே சுவர்ப் படத்தைப் பார்த்த பார்வை.

உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்தாள்.

எப்போது பார்த்தான்? உலை வைக்கும்போதா? தலை துவட்டும்போதா?

அத்தனை மாதமும் அவன் குனிந்திருந்தது தன் முகத்துக்குத்தான். அந்த நேரமெல்லாம், தான் மட்டும் இங்கே தனியாக இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் அவன் வந்தான். கை கழுவினான். சாப்பிட உட்கார்ந்தான்.

"யாராச்சும் வந்தாங்களா? கம்பெனிக்காரி ஒருத்தி அச்சுக்கூடத்துல என்னைத் தேடினாளாம். போட்டோ வச்சிருந்தாளாம்."

அடுப்புச் சாம்பலில் போட்டோ அட்டையின் ஒரு மூலை இன்னும் சிவந்துகொண்டிருந்தது.

"யாரும் வரலீங்க."

"அப்ப பழைய மூஞ்சியையே போட்டுட வேண்டியதுதான்" என்றான், தட்டைப் பார்த்து.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பிறகு ஜன்னல் பக்கமாக நகர்ந்து, அந்தி வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டாள்.