பின்னுக்குப் போன சுவர்

நேற்று மாலை முழுதாக மூடியிருந்த சுவரில் இன்று காலை ஆறு பலகை குறைந்தது.

சோமசேகரம் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். ஆறுதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கம்பனிக்குக் கூல் ரூம் கட்டுகிற வேலை. கல் சுவரின் உட்பக்கம் முழுக்க ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகைகளை ஆணி முறுக்கி இறுக்கி, மேலே தகடு பொருத்தினால் குளிர் வெளியே போகாது. அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் கட்டடம் பார்த்து ஓய்வுபெற்ற சோமசேகரம்தான் மேற்பார்வை. வரைபடம் அவருடைய சட்டைப் பையில். பலகை பொருத்துகிறவன் இக்ராம், கிண்ணியாக்காரன். கட்டாரில் ஏழு வருடம் இதே வேலை செய்தவன்.

“இக்ராம், இந்தச் சுவர் நேற்று முடிஞ்சதல்லோ?”

“முடியேல்லை சேர். கொஞ்சம் மிச்சம் கிடந்தது.” அவன் தலையை நிமிர்த்தவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் ஆறு பலகையும் சுவரில் ஏறியிருந்தன. சோமசேகரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன கிழமை மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனவர், பஸ்ஸில் வீடு திரும்பினார். மோட்டார் சைக்கிள் சந்தையிலேயே நின்றது. “உங்களுக்கு மறதி தொடங்கிட்டுது,” என்று மனைவி கமலாதேவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இதுவும் மறதி என்றால் வேலை போய்விடும். முதலாளி திலக்சன் முப்பது வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். ஆனால் பிழை பொறுக்கமாட்டான். இவருக்கு முன்பு இருந்த மேற்பார்வையாளரை ஒரேயொரு பிழைக்காக வீட்டுக்கு அனுப்பியவன். அந்தக் கதையை முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அன்று பின்னேரம் வெளிக்கிடும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், மேல் மூலைப் பலகையில் பென்சிலால் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார் சோமசேகரம்.

காலையில் வந்து பார்த்தார். கையெழுத்து அப்படியே இருந்தது. பலகை நிலத்தில் இருந்தது.

ஆக, மூளை சரி. அந்த நிம்மதியில் இரண்டு தேத்தண்ணி குடித்தார். பிறகுதான் கோபம் வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெளியே அடுக்கியிருந்த பலகைகளின் மேல் போட்ட கறுப்புப் பொலித்தீனும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. பலகைகளோடு உருளையாக வந்த நல்ல தடித்த பொலித்தீன். கச்சான் காற்றுக்குப் பலகை பறக்கக்கூடாது என்று முதல் நாளே அதை விரித்துக் கல் வைக்கச் சொன்னவர் இவர்தான். அப்போது இக்ராம், “சேர், இது...” என்று ஏதோ சொல்ல வந்தான். “கட்டட வேலை எனக்குப் படிப்பிக்க வேண்டாம் தம்பி,” என்று மேசன்மார் எல்லாருக்கும் முன்னால் அவனை நிறுத்தினார்.

இப்போது எல்லாம் விளங்கியது. நாட்கூலிக்காக வேலையை இழுக்கிறான். பொலித்தீன் யாரோ வீட்டுக் கூரைக்குப் போகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றார். ஏணியில் நின்று இக்ராம் ஆணி கழற்றிக்கொண்டிருந்தான். சோமசேகரம் திலக்சனுக்குப் போன் அடித்தார். பத்து நிமிடத்தில் திலக்சன் வந்து இறங்கினான்.

“ஏன் காணும் கழட்டுறீர்?”

இக்ராம் ஒருமுறை சோமசேகரத்தைப் பார்த்தான்.

“பலகை வடிவா இறுகேல்லை. இடைவெளி விட்டுப்போட்டன். என்ர பிழைதான்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

பொலித்தீன் எங்கே என்று சோமசேகரம் கேட்டதும், அவன் அடுத்த ஆணியைக் கழற்றத் திரும்பினான்.

திலக்சனின் போன் அடித்தது. கதைத்துக்கொண்டே வாசலுக்குப் போனான்.

அப்படி என்ன இடைவெளி என்று பார்க்க, கழற்றிய இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் விரலை வைத்தார் சோமசேகரம். இரண்டு பலகைக்கு நடுவில் மயிர் நுழைய இடமில்லை. கழற்றிய பக்கத்து ஓரத்தால் பலகைக்குப் பின்னால் விரலை விட்டார். கல் சுவர் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று ஏதோ. இழுத்துப் பார்த்தார்.

கறுப்புப் பொலித்தீன்.

“இது ஏன் இதுக்குள்ள?”

இக்ராம் ஏணியிலிருந்து இறங்கிக் கிட்ட வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“பலகைக்கு முன்னம் சுவர் முழுக்க இதைத்தான் விரிக்க வேணும் சேர். இல்லாட்டி வெளி ஈரம் ஊறி, பலகைக்குள்ள தண்ணி நிக்கும். ஒரு வருசத்தில ரூம் பழுது. வரைபடத்திலயும் போட்டிருக்கும். மூண்டு சுவர் சரிப்பண்ணிட்டன். இது ஒண்டுதான் மிச்சம். முதலாளிக்கு முன்னால ஒண்டும் கதைக்காதேங்கோ.”

சோமசேகரம் வெளியே பார்த்தார். பலகை அடுக்கின் மேல் மீதிப் பொலித்தீன் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

திலக்சன் திரும்பி வந்தான்.

“இவரை இண்டையோட நிப்பாட்டுவம். என்ன அங்கிள் சொல்றியள்?”

இக்ராம் குனிந்து, நிலத்தில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

சோமசேகரம் சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் திலக்சனிடம் நீட்டினார்.

“இதை விரிச்சுப் பாருங்கோ தம்பி. நான் இன்னும் விரிக்கேல்லை.”