அடுத்த வாரம்

“இன்னிக்கேதான் போகணுமா? அடுத்த வாரம் போனா ஆகாதா?”

கழுத்தில் டேப் தொங்க, தையல் மிஷினை விட்டு எழாமலே கேட்டார் தையல்காரர்.

“கஸ்டமருக்குச் சொல்ற ‘அடுத்த வாரத்தை’ எனக்கும் சொல்லாதீங்க!” என்று சீறினாள் மனைவி. “பிரசவமாகி ஆறு வாரத்துல வந்து சர்க்கரை டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நீங்களும் பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க.”

“வயித்துல பிள்ளை இருந்தப்ப வந்த சர்க்கரை, பிள்ளை பிறந்ததும் போயிடுச்சேம்மா!”

“போச்சு. திரும்ப வராதுன்னு யாராவது எழுதிக் கொடுத்தாங்களா? நாக்கு வறண்டு சாகறேன். கால் புண் ஆறவே மாட்டேங்குது. பயமா இருக்குங்க.”

மிஷின் ஓட்டம் நின்றது.

அவர் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. கிளம்பும்போதெல்லாம் குழந்தைக்குச் சளி, அவசரமாக ஒரு கல்யாண ஆர்டர், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க ஆளில்லை என்று அவளே தள்ளிப்போட்டவள்தான். ஆனால் இன்று டெஸ்டுக்காகப் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படவில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

“இவனை என்ன பண்ணுவே? சர்க்கரைத் தண்ணியைக் குடிக்க வச்சு, ரெண்டு மணி நேரம் அங்கேயே உக்கார வைப்பாங்களே!”

“தூக்கிட்டே போறேன். நீங்க வந்த துணியை வெட்டுங்க.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

லேபில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “பிரசவத்துக்கு அப்புறம் பண்ற சர்க்கரை டெஸ்ட்தானே? குழந்தை பிறந்து எத்தனை வாரம்?”

“இருபத்தாறு வருஷம்.”

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

“என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறாளே, இவ பிறந்தப்ப வரச் சொன்னாங்க. இப்ப பிள்ளை பெத்த இவளுக்கும் அதே சர்க்கரை. டெஸ்டுக்கு வாடின்னா, ‘நீ மட்டும் போனியாம்மா’ன்னு கேக்கறா. அதான் பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தேன், பின்னாடியே வந்துட்டா,” என்றவள், பேரனை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சேலை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். “முதல்ல எனக்குக் குத்துங்க. அடுத்தது இவளுக்கு. எங்க வீட்டுல இனிமே அடுத்த வாரம்ங்கற பேச்சே கிடையாது!”